குடிகாரர் மாத்திரை

ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு சொட்டு பீர் தொடாத எனக்கு, குடிகாரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஆயுசுக்கும் கிரேன் ஓட்டிய மனிதர், ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே வெலவெலத்துப் போவார்.

டாக்டர் ஹுமைரா பொறுமையாகச் சொன்னாள். "ஆன்டி, நாங்க ஏத்துற கீமோவும் ஒரு விஷம்தான். உங்க கட்டிக்குள்ள இருக்கிற ஒரு என்சைம் அந்த விஷத்தைக் கழுவி வெளிய தள்ளிடுது. அதான் எந்த மருந்தும் கேக்க மாட்டேங்குது. இந்த மாத்திரை அந்த என்சைமோட கையக் கட்டிப் போடும். ஆராய்ச்சியிலதான் இருக்கு, ட்ரை பண்ணிப் பாக்கலாம்."

"குடிகாரனுக்கு ஏன் குடுக்குறாங்க?"

"சாராயத்த ஈரல்ல கழுவுறதும் அதே குடும்பத்து என்சைம்தான். இந்த மாத்திரை போட்டுட்டுக் குடிச்சா, விஷம் உடம்புலயே தங்கிடும். மூச்சு முட்டும், பிரஷர் எறங்கும். ஒரு வாய்கூட ஆகாது. பீர், தாப்பே, இருமல் மருந்து, எதுவும் வேணாம் லா."

வீட்டுக்கு வந்ததும் இவர் சமையலறையைச் சல்லடை போட்டுச் சலித்தார். வினிகர் போனது. இருமல் மருந்து போனது. தன்னுடைய ஷேவிங் லோஷனைக்கூடக் கழிவறையில் ஊற்றினார். பக்கத்து வீட்டு மைமூன் கொடுத்தனுப்பிய தாப்பே, புளிக்க வைத்த சோற்று இனிப்புதான், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் விளக்கம் வேறு சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தையை நான் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.

உடம்பில்தான் சதை இல்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. டானிக் என்றால் வாயை மூடிக்கொள்வேன், அது சின்ன வயதிலிருந்தே உள்ள பிடிவாதம். கீமோவுக்குப் போன ஒரு நாள், என்னை வார்டில் விட்டுவிட்டு இவர் நம்மூர்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் வரை போய் வந்தார். பூ வாங்கினேன் என்றார். பூவும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தார். வெல்லம் தூக்கலாக இருந்தது. நான் முழுக்கக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கப்பைக் கழுவப் போனபோதுதான் அடியிலிருந்து அந்த வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. என் மகள் தாமரை பிறந்தபோது உடம்பு தேற அம்மா எனக்குக் கொடுத்த அரிஷ்டம். குடித்ததும் நெஞ்சு கதகதவென்று ஆகும். மாதக்கணக்கில் ஊறிப் புளித்த கஷாயம், கதகதக்காமல் என்ன செய்யும்? அதைச் சாராயம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. இவரும் நினைக்கவில்லை. அது மருந்தாயிற்றே!

காது சுட்டது. முகம் தீயாக எரிந்தது. நெஞ்சு தாறுமாறாக அடிக்க, சிங்க்கைப் பிடித்தபடியே சரிந்தேன். "புஷ்பா! புஷ்பா!" என்று இவர் கத்தியது எங்கேயோ கேட்டது.

கண் விழித்தபோது மார்பெல்லாம் ஒயர்கள். ஹுமைரா கட்டிலருகே நின்றாள். "ஹார்ட் ரொம்ப அடி வாங்கிடுச்சு, ஆன்டி. இனிமே இந்த மாத்திரை குடுக்க முடியாது. சாரி."

"வேற மாத்திரை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரத்தத்துல ஆல்கஹால் இருக்கு. எப்படி ஆன்டி?"

இவர் கால்மாட்டில் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "ஒண்ணும் குடுக்கலியே டாக்டர், கஞ்சிதான்…" என்று தொடங்கினார். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும், கஞ்சியில் என்ன கலந்தேன் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். அதுதான் காரணம் என்று தெரிந்தால் அந்த மனிதர் உயிரோடு இருக்க மாட்டார்.

"நான்தான் குடிச்சேன்," என்றேன். "பீர். வலி தாங்கல."

ஹுமைரா நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. இவர் நம்பிவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல புஷ்பா?" ஷா ஆலமிலிருந்து ஓடிவந்த தாமரை என் முகத்தைப் பார்க்கவே மறுத்தாள். "எங்களப் பத்தி யோசிச்சியாம்மா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அதுதான் நெஞ்சு அடித்ததைவிட வலித்தது.

இப்போது அந்த மாத்திரை என் உடம்பை விட்டு முழுக்கப் போய்விட்டது. கட்டி மறுபடியும் வளர்கிறது என்று சொன்னார்கள். 'அடுத்த வருஷம்' என்று இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நேற்று மத்தியானம் இவர் கஞ்சி கொண்டுவந்தார். அதே வாடை. கப்பை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நெஞ்சு கதகதவென்று ஆனது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

"நல்லா இருக்கா புஷ்பா?" என்றார், பயந்துகொண்டே.

"நல்லா இருக்குங்க," என்றேன். "நாளைக்கும் இதே மாதிரி காய்ச்சுங்க."

ரொம்ப நாளைக்குப் பிறகு இவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.