சங்கம் தீர்த்த கடன்

நல்லதம்பிக்குப் பெரியமுத்து தர வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய். மனைவி ராமுத்தாய்க்குத் தேனியில் வயிற்றில் ஆப்பரேசன் செய்தபோது கைமாற்றாக வாங்கியதில் மிச்சம். குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். சம்பளத்தன்று சாயங்காலம் பெரியமுத்து ஐநூறு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பால் விடாத கட்டஞ்சாயா ஒன்று குடிப்பார். பேச்சு முடிய இருட்டிவிடும்.

பஞ்சாயத்துத் தேர்தலில் நல்லதம்பியின் மனைவி முருகேஸ்வரி தங்கள் தொழிற்சங்கத்துக் கட்சிக்காக நின்றாள். பெரியமுத்து வேறு சங்கம். அந்தச் சங்கத்துக் கட்சியும் ஆள் நிறுத்தியது. தோட்டத்து ஓட்டு இரண்டாகப் பிரிய, மூன்றாவது கட்சிக்கு நின்ற கடைக்கார ஜோஸ் ஜெயித்துப் போனான். தோற்ற இரண்டு பக்கமும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டு முகம் திருப்பிக்கொண்டன. குழாயடியில்கூட வரிசை இரண்டானது.

கடன் இருக்கிறவரை அந்த வாசலை மிதிக்கலாம் என்று பெரியமுத்து நினைத்திருந்தார். சம்பளத்தன்று போய் நின்றார்.

"என்னண்ணே, உங்க சங்கத்துல கேட்டுக்கிட்டு வந்தீகளா?" என்றாள் முருகேஸ்வரி.

"மாப்ளைக்கு ரூவா குடுக்கணும்த்தா."

நல்லதம்பி டி.வி.யிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "இப்ப வாங்குனா எங்க ஆளுக ஒருமாதிரியாப் பேசுவாக மச்சான். மொத்தமா வரட்டும், சங்கத்து வழியா."

"சங்கமா எனக்குக் கடன் குடுத்துச்சு?"

"இப்ப சங்கந்தான் கேக்குது."

அடுப்பில் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை. பெரியமுத்து ரூபாயை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாளே அது அவர் சங்கத்துச் செயலாளர் ஏசுரத்தினத்தின் காதுக்குப் போயிற்று. "நம்மாளு அவனுக்குக் கடன்பட்டுக் கெடக்குறதா? சங்கப் பணத்த எடுத்து வீசிருவோம்."

"வேணாம்ணே. மாசாமாசம் நானே குடுத்துக்கிர்றேன்."

"இது உன் காரியமில்லய்யா. நம்ம மானம்."

காலையில் பேர் கொடுக்கும் மஸ்டர் கொட்டகையில் இரண்டு சங்கத்து ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஏசுரத்தினம் பணத்தை நீட்டினார். நல்லதம்பி எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினான். வீட்டில் கொடுத்தபோதெல்லாம் அவன் ஒரு நாளும் எண்ணியதில்லை. பேச்சு வாக்கில் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

"சரியா இருக்கு" என்றான், ஏசுரத்தினத்தைப் பார்த்து.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். பெரியமுத்துவும் தட்டினார். கடன் தீர்ந்தது.