இரண்டு சொட்டு சீரம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சமையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சமைத்துப் போடுவது மனிதர்களுக்கு இல்லை; எலியின் கல்லீரலிலிருந்து எடுத்து வட்டத் தட்டுகளில் வளர்க்கும் செல்களுக்கு. சிவப்பு நிறச் சத்து நீரில் கன்றுக்குட்டி ரத்தத்தின் சீரத்தைக் கலந்து, இதமான சூட்டில் ஊற்றுவாள். பதினெட்டு வருஷமாக இதே வேலை. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் வாடித் தெரிந்தால் அவள் முகமும் வாடிவிடும்.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் குருவி என்று பெயர். மூன்று வருஷமாக ஒரே ஒரு புரதத்தின் பின்னால் அலைகிறாள். கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. அதில் பச்சையாக ஒளிரும் துண்டு ஒன்றை ஒட்டவைத்து, உயிருள்ள செல்லுக்குள் அது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று பார்ப்பாள். கொழுப்பு கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடுவிலுள்ள உட்கருவுக்குள் நுழையும், கிடைக்காவிட்டால் செல் முழுக்கச் சும்மா சுற்றும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை.

அதைச் சரிபார்க்கச் செல்களை ஒரு நாள் பட்டினி போட வேண்டும். குருவி தட்டின் மேல் சீட்டு ஒட்டினாள்: ‘பட்டினி. சீரம் கூடாது.’

மறுநாள் பார்த்தால் பச்சை முழுக்க உட்கருவுக்குள் இருந்தது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே கதை. கொழுப்பே இல்லாமல் புரதம் தானாக உள்ளே போகிறது என்றால், அது யாரும் சொல்லாத சங்கதி. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று பேராசிரியரே சொல்லிவிட்டார். குருவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு செல் அறைக்கு ஓடிவந்து, சமையல்காரம்மாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள்.

சமையல்காரம்மா அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தட்டுகள் பக்கம் திரும்பினாள். மூன்று தடவையும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தத் தட்டுகளை எட்டிப் பார்த்திருந்தாள். செல்கள் சுருங்கிக் கிடந்தன. சீட்டைப் படிக்காமல் இல்லை. இத்தனூண்டில் என்ன ஆகிவிடும் என்று, மனசு கேட்காமல் தட்டுக்கு இரண்டு சொட்டு சீரம் விட்டிருந்தாள். சீரத்தில் கொழுப்பு உண்டு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பட்டினி எதற்காக என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகலாம். அதைவிட, அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விடும். மூடிக்கொண்டாலோ பொய் அச்சில் ஏறிவிடும், பெண்ணின் பெயரோடு. வியாழக்கிழமை மதியம் சொல்லிவிட்டாள்.

“எத்தனை சொட்டு?” என்று மட்டும் கேட்டாள் குருவி.

“ரெண்டு. பாவமா இருந்துச்சும்மா.”

குருவி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து தானே பேராசிரியரிடம் போனாள். அவர் எரிந்து விழுந்தார். எதற்காகப் பட்டினி என்று தான் செல் அறை அக்காவிடம் சொன்னதே இல்லை, தப்பில் பாதி தன்னுடையது என்று அவள் சொன்னதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற சமையல்காரம்மா கேட்டாள். அந்தப் பெண் தன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுபடியும் பட்டினி. சமையல்காரம்மா அறைச் சாவியை நீட்டினாள். “நீயே வெச்சுக்கோம்மா. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல.”

“நீங்களே வெச்சுக்கோங்க அக்கா. வேற யாரு பாத்துப்பாங்க?”

அன்று சாயங்காலம் சமையல்காரம்மா, செல் தட்டுகளைச் சூட்டில் வைக்கும் பெட்டியின் கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திறக்காமல் வீட்டுக்குப் போனாள்.

காலையில் இருவரும் மைக்ரோஸ்கோப்பின் திரையைப் பார்த்தார்கள். பச்சை செல் முழுக்கப் பரவிக் கிடந்தது. உட்கருவுக்குள் சேரவே இல்லை. குருவியின் கண்டுபிடிப்பு அதோடு சரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சொட்டு விடும் பிப்பெட்டைச் சமையல்காரம்மாவின் கையில் வைத்தாள்.

“இப்ப ஊத்துங்க அக்கா.”

அதே இரண்டு சொட்டு. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் பச்சை மெல்ல மெல்ல நடுவில் சேர்ந்தது.

“சாப்பிட்டுடுச்சு,” என்றாள் சமையல்காரம்மா.

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் நேரத்தைக் குறித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: ‘பட்டினி, இருபத்து நான்கு மணி நேரம். காவல்: சமையல்காரம்மா.’