உயிரோடு இருப்பவர்களுக்கு ஆதராஞ்சலி

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று என் இரண்டு முட்டிகள்மீதும் சத்தியம் செய்கிறேன். வலது முட்டி ஆஸ்பத்திரியில் வைத்த உலோகம். அதன்மீது செய்த சத்தியம் செல்லாது என்று நினைப்பவர்கள் இடது முட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது பிறந்தது முதல் என்னுடையது.

புல்லாணிமுக்கு யுவபாவனா வாசகசாலைக்கு நான் பதினேழு வருடமாக உபதலைவர். தலைவர் வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது உபதலைவரின் வேலை. எங்கள் தலைவர் வராத கூட்டமே கிடையாது. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே நான் பார்த்த வேலை, நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

வருடத்துக்கு ஒரு முறை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து வாசகசாலைக்குக் கிரேடு போடுவார். ஏ-யில் தொடங்கி எஃப் வரை. போன வருடம் எங்களுக்கு எஃப். அதற்குக் கீழே ஓர் எழுத்து வைத்திருந்தால் அதைத்தான் தந்திருப்பார்கள். இந்த வருடமும் எஃப் என்றால் கதவைச் சாத்தி, புத்தகங்களையும் நூலகர் விலாசினியையும் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிழக்கேமுறி வாசகசாலையில் சேர்த்துவிடுவார்கள்.

புத்தகங்களுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. விலாசினிக்கு இருந்தது. கிழக்கேமுறியின் நூலகர் ஷைலஜா, விலாசினியின் நாத்தனார். ஒரு கல்யாணப் பந்தியில் பாலடைப் பாயசம் யார் இலையில் முதலில் விழுந்தது என்ற விஷயத்தில் தொடங்கி, பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"சங்குண்ணியேட்டா, நான் தினமும் காலைல அந்த ஷைலஜா முன்னால போயி குட்மார்னிங் மேடம்னு நிக்கணுமா? அதுக்கு நான் ரேஷன் கடைல எலி புடிச்சுப் பொழைச்சுக்குவேன்" என்றாள் விலாசினி.

"ரேஷன் கடை எலி உனக்கு அடங்காது. அதுக எல்லாம் யூனியன்ல இருக்குதுக" என்றேன் நான்.

இந்த வருடம் மேலிடம் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தது. வாசகசாலைக்குப் பேஸ்புக் பக்கம் வேண்டும்; அதில் ஊர்க்காரர்கள் கலந்துகொள்ள வேண்டும்; அதற்குத் தனி மதிப்பெண். விலாசினி பக்கம் தொடங்கி, ஒரு மாதம் தினமும் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதினாள். 'தென்னை நோய்களும் தீர்வுகளும்' என்ற நூலுக்கு மட்டும் இரண்டு விருப்பம் விழுந்தது. ஒன்று விலாசினி சொந்தப் பெயரில் போட்டது. மற்றது வாசகசாலையின் பெயரில் விலாசினி போட்டது.

செயலாளர் திவாகரன் மாஷ் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர்தான் வழி சொன்னார். "புக்கோட படத்த எவன் பாப்பான்? மனுஷன் மொகத்தப் போடு. 'இந்த வார வாசகர்'னு ஒருத்தர. சொந்த ஊர்க்காரன் மொகம்னா குத்தம் சொல்றதுக்காவது பாப்பாங்க."

முதல் வாரத்துக்கு வறீதேட்டனைத் தேர்ந்தெடுத்தோம். வயது எழுபத்து நாலு, ரப்பர் வெட்டுகிறவர். அவர் கடைசியாக எடுத்துப்போன நூல் கோழி வளர்ப்பைப் பற்றியது, 1991-இல். ஆனாலும் மீசை நல்ல மீசை.

படத்தைச் சட்டம் போட்டு அழகாக்கித் தரச் சொல்லி முக்கில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற சஜிமோனிடம் கொடுத்தாள் விலாசினி. அங்கேதான் கோளாறு. சஜிமோன் வாழ்க்கையில் மூன்றே மூன்று வகைதான் அடித்திருக்கிறான்: தேர்தல், குழந்தைக்கு முதல் பிறந்தநாள், சாவு. வறீதேட்டனை வேட்பாளராகப் போட்டால் கட்சிக்காரன் கேட்பான். பலூனுக்கு நடுவில் அந்த மீசை பொருந்தாது. மிச்சம் இருந்ததில் போட்டுக் கொடுத்தான். இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ, கீழே எரியும் குத்துவிளக்கு, நடுவில் கறுப்பு வெள்ளையில் வறீதேட்டன். அடியில் தெளிவாக எழுதியிருந்தது: 'வறீது (74), நம் வாசகசாலையின் நெடுநாள் வாசகர்.'

பார்த்தவுடன் விலாசினிக்கும் கோளாறு தெரியவில்லை. விளக்கு எரிகிறதே, மங்களமாக இருக்கிறது என்று நினைத்துக் காலை ஆறேகாலுக்குப் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள்.

எங்கள் ஊரில் விளக்கும் வெள்ளைப்பூவும் கண்ணில் பட்டால் கட்டைவிரல் தன்னால் வேலை செய்யும். கூப்பிய கை ஒன்று, 'ஆதராஞ்சலிகள்' என்று ஒரு அஞ்சலிச் சொல், முடிந்தால் ஒரு ரோஜா. கீழே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு விரலுக்குக் கண் இல்லை. ஏழு மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு கூப்பிய கை. ஏழே காலுக்கு ஒரு கட்சி முக்கில் கறுப்புக்கொடி கட்டியது. இன்னொரு கட்சி அதைவிட இரண்டடி உயரமாகக் கட்டியது. பந்தல்காரன் யாரும் சொல்லாமலே ஐம்பது நாற்காலியை வறீதேட்டன் முற்றத்தில் இறக்கிவிட்டான். நான் வாசகசாலை சார்பில் மலர்வளையத்தோடு முன்வரிசையில் நின்றேன்; அதனால் இதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எட்டரைக்கு வறீதேட்டன் ரப்பர்ப்பால் வாளியோடு தோட்டத்திலிருந்து வந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். முற்றத்தைப் பார்த்ததும் வாளியை இறக்கி வைத்து, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மரியாதையாகக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏலிக்குட்டி, யாரு போனது?"

அவருடைய மனைவி அப்போதுதான் காலைப் பூசை முடிந்து வந்து, அழவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தாள். "ஆளுங்க பேசிக்கிறதப் பாத்தா நீங்கதான்."

"எப்ப?"

"காலைல ஆறேகாலுக்காம்."

வறீதேட்டன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் பதினேழாவது மரத்துல இருந்தேனே" என்றார்.

வந்தவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். லீவு போட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பந்தல்காரன் நாற்காலி ஏற்றி இறக்கியதற்கு யாரைக் கேட்பது என்று சத்தம் போட்டான். அவசரமில்லை, அங்கேயே கிடக்கட்டும், எப்படியும் ஒரு நாள் வேண்டியிருக்கும் என்றார் ஒருவர். வறீதேட்டன் எதையும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தமக்கு வந்த அஞ்சலிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். வேலித் தகராறில் ஆறு வருடமாக அவரோடு வழக்காடுகிற கொச்சாப்பு எழுதியிருந்தார்: 'பரந்த மனம் படைத்தவர். சிறந்த வாசகர். ஈடுசெய்ய முடியாத இழப்பு.'

வறீதேட்டன் போனோடு வேலிக்குப் போனார். "எடோ கொச்சாப்பு, இத நீ எழுதினதுதானே?"

கொச்சாப்பு தலையைச் சொறிந்தார். "நீ போயிட்டேன்னு நெனச்சு எழுதினது. நீ இருக்கேன்னு தெரிஞ்சா எழுதியிருப்பேனா?"

"எழுதினது எழுதினதுதான். அழிக்காதே" என்று சொல்லிவிட்டு, அன்று மதியமே வறீதேட்டன் வாசகசாலைக்கு வந்தார். விலாசினி மன்னிப்புக் கேட்க எழுந்தாள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"ஊர் முழுக்க என்னச் சிறந்த வாசகன்னு எழுதியிருக்கு. அதுல பொய் இருக்கக் கூடாது. நல்லாத் தடியா ஒரு புக்கு குடு."

விலாசினி அந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்றாள். திவாகரன் மாஷ் கணக்குப் போட்டுப் பார்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டை யாராவது அழிப்பார்களா என்று கேட்டார். 'வறீது உயிருடன் நலமாக உள்ளார்' என்று ஒரு திருத்தம் போட்டோம். அதில் விளக்கு இல்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வாசலில் வரிசை. முதலில் வந்தவர் கொச்சாப்பு.

"எனக்கு எப்பம்மா போடுவே?"

"எதை?"

"வறீதுக்குப் போட்டத. செத்தப்புறம் ஊரு நம்மளப் பத்தி என்ன சொல்லுதுன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? இருக்கறப்பவே பாத்துட்டா ஒரு நிம்மதி."

பத்து நூல் எடுத்துப் படித்து, படித்ததைப் பதிவேட்டில் நாலு வரி எழுதுகிறவர்களுக்குத்தான் படம் என்று விதி வைத்தாள் விலாசினி. ஓடிவிடுவார்கள் என்று நினைத்து வைத்த விதி. அலமாரி காலியானது. பேருந்து நிறுத்தத்தில் படித்தார்கள், கள்ளுக்கடையில் படித்தார்கள், முடிவெட்டுகிற கடையில் ஒரு ஆள் கடைசி அத்தியாயத்துக்காக இரண்டாவது தடவை சவரம் செய்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். வாரத்துக்கு ஒருவர் என்பது போய் இரண்டு நாளைக்கு மூன்று பேர் என்றானது. சஜிமோன் அந்த விளக்குப் படத்தை விலாசினியின் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

புகார்களும் வந்தன. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்கு நாற்பது கை மட்டும் கூப்பியதால் மறுபடி போடச் சொன்னார். இன்னொருவர் தம் மனைவி எழுதிய 'ஆதராஞ்சலிகள்' பதிவு போட்ட பதினோராவது வினாடியிலேயே வந்திருப்பதைக் காட்டி, "இவ தயாரா உக்காந்திருந்தாளா?" என்று கேட்டார். அதற்கு வாசகசாலை பொறுப்பல்ல என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம்.

இப்படி ஒன்பது வாரத்தில் நாற்பத்து மூன்று பேர். பத்தாவது வாரம் மேலிடத்திலிருந்து சுகதன் என்பவர் வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். உட்கார்ந்ததும் அவர் கேட்டது பதிவேட்டை அல்ல.

"மாஷே, உங்க ஊர்ல என்ன நோய்?"

"நோயா?" என்றார் திவாகரன் மாஷ்.

"உங்க பக்கத்தப் பாத்துட்டுத்தான் வரேன். ஒன்பது வாரத்துல நாப்பத்து மூணு பேர். எல்லாரும் வாசகசாலை மெம்பர்." அவர் பதிவேட்டைப் புரட்டினார். "இந்த வறீது ரெண்டாம் தேதி செத்திருக்காரு. அன்னிக்கு மத்தியானமே வந்து புக் எடுத்திருக்காரு. அதுக்கப்புறம் இருபத்தாறு புக். உயிரோட இருந்தப்ப முப்பது வருஷத்துல ஒண்ணு."

"சார், அவங்க யாரும் சாகல" என்றாள் விலாசினி.

"ஆயிரக்கணக்கான பேரு அஞ்சலி எழுதியிருக்காங்க. நீ ஒருத்தி இல்லங்கறே." அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "செத்தவங்க பேருல எடுத்த புக்கெல்லாம் கணக்குல சேராது. அதக் கழிச்சா உங்களுக்கு வாசகர் மூணு பேர்."

அந்த மூவரில் ஒருவன் நான். எனக்கே அவமானமாக இருந்தது.

சுகதன் குனிந்து பெயர்களை அடிக்கத் தொடங்கினார். விலாசினி பேஸ்புக் பக்கத்தில் எழுதினாள்: 'அஞ்சலி பெற்ற அனைவரும் உடனே வாசகசாலைக்கு வரவும்.' பத்து நிமிடம் ஆனது. யாரும் வரவில்லை. வெறும் எழுத்தை எவன் படிப்பான்? பதினெட்டாவது பெயர் அடிபட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஷைலஜாவின் மேசைக்கு முன்னால் நிற்கிற முகம். பிறகு திடீரென்று அது மாறியது. போனைத் தூக்கி, பதிவேட்டின்மேல் குனிந்து கண் தாழ்ந்திருந்த சுகதனை ஒரு படம் எடுத்தாள். விளக்கு, வெள்ளைப்பூ, நடுவில் கறுப்பு வெள்ளையில் சுகதன். அடியில் எழுதியதில் ஒரு சொல் பொய் கிடையாது: 'சுகதன் சார், இன்று மாலை நான்கு மணி வரை நம் வாசகசாலையில்.'

ஆறு நிமிடத்தில் முதல் மலர்வளையம் வந்தது. இருபது நிமிடத்தில் முற்றம் நிறைந்தது. பந்தல்காரன் ஐம்பது நாற்காலியை இறக்கினான். இரண்டு கட்சியும் கொடியோடு வந்தன. வறீதேட்டன் வரிசைக்கு முன்னால் மீசையைத் தடவிக்கொண்டு வந்து, வளையத்தைச் சுகதனின் மேசைமேல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"சாருக்கும் போட்டாச்சா? எத்தன புக்கு படிச்சீங்க?"

சுகதனின் பேனா அந்தரத்தில் நின்றது. "நீங்க யாரு?"

"வறீது. ரெண்டாம் தேதி போனவன்."

பின்னால் கொச்சாப்பு. அவருக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர். நாற்பத்து மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, செத்த தேதியைச் சொல்லி, அடித்த பெயருக்குப் பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் சும்மா போவானேன் என்று புத்தகமும் மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் நூற்று அறுபத்து நாலு நூல் வெளியே போனது.

கூட்டம் கலைந்தபின் விலாசினி மன்னிப்புக் கேட்டு, படத்தை எடுக்கப் போனை எடுத்தாள். சுகதன் தம் போனிலிருந்து தலை தூக்கவில்லை.

"இப்ப எடுக்க வேண்டாம். எங்க மேலதிகாரி எழுதிட்டிருக்காரு. 'நேர்மையின் சிகரம்' வரைக்கும் வந்திருக்காரு. முடிக்கட்டும்."

பி கிரேடு போட்டுக் கொடுத்தார். ஏ-யே தந்திருப்பாராம், தம்மைச் சாகடித்ததற்காக ஒரு படி குறைத்தாராம்.

அடுத்த வாரம் விலாசினியின் போன் அடித்தது. கிழக்கேமுறி ஷைலஜா. பதினோரு வருடம் கழித்து அவள் சொன்ன முதல் வாக்கியம் இது: "அந்த வெளக்குப் படத்த எங்க பக்கத்துக்கும் கொஞ்சம் அனுப்புவியா?"

"அனுப்பறேனே" என்றாள் விலாசினி. "மொதல்ல குட்மார்னிங் மேடம்னு சொல்லு."

சொன்னாள். போனை ஸ்பீக்கரில் வைத்து, கமிட்டியில் ஏழு பேரும் கேட்டோம்.

இதெல்லாம் நடந்த அந்த மூன்று மாதமும் நான் மஸ்கட்டில் மகள் வீட்டில் இருந்தேன்; எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையின் பேஸ்புக் பக்கத்தில் படித்ததுதான்.