கரை ஒதுங்கிய பீப்பாய்

புயல் ஓய்ந்த மறுநாள் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு துருப்பிடித்த பீப்பாய் கரை ஒதுங்கியது. விழுந்துகிடந்த சவுக்கு மரங்களை அள்ளிக்கொண்டிருந்த ஜேசிபியின் வாளி பட்டு அது பிளந்தது. என்னவென்று பார்க்க இறங்கிய ஓட்டுநரின் முகத்தில் எண்ணெய் போன்ற திரவம் தெறித்தது. கூட இருந்தவர்கள் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியும் கண்ணைத் திறக்க முடியவில்லை, கையெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்த செங்கல்பட்டு மருத்துவர் ஜானகிராமனுக்கு, போர்க்கால விஷவாயு ஏதாவதோ என்று சந்தேகம் வந்தது. போலீசார் மாதிரியை உறைக்குள் உறையாகப் பூட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே வேதியியல் ஆய்வாளரான திவ்யா கையுறை மாட்டப் போனபோது மருத்துவரின் அழைப்பு வந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. பேஷண்ட் பேரு பார்த்திபன், திருக்கழுக்குன்றம் பக்கம்."

அவளுடைய அண்ணன்.

எம்.எஸ்சி. பரீட்சைக்கு பஸ் வராத நாளில் டிராக்டரிலேயே அவளைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் இறக்கியவன். ஊரெல்லாம் "எந் தங்கச்சி கெமிஸ்ட்ரி" என்று சொல்லித் திரிந்தவன். அவள் காலனிப் பையன் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்ட அன்று, "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு பேச்சில்லை. கேளம்பாக்கத்தில் எந்த மஞ்சள் ஜேசிபி கடந்தாலும் திவ்யா ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பாள். ஒருமுறைகூட அது அவன் முகமாக இருந்ததில்லை.

அவள் மேலதிகாரி உலகநாதனிடம் உண்மையைச் சொன்னாள்.

"அப்ப நீ தொடக்கூடாதும்மா, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா முடிவு நிக்காது," என்றார் அவர். "ரூத் பண்ணட்டும். நீ வெளிய இரு."

திவ்யா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே சக ஆய்வாளர் ரூத் முதலில் வெறும் கரைப்பானைக் கருவியில் ஓட்டினாள், கருவியில் பழைய மிச்சம் எதுவும் இல்லையென்று உறுதிசெய்ய. பிறகுதான் மாதிரி. எத்தனையோ முறை தானே செய்த வேலை அது. இன்று ஒவ்வொரு அசைவும் தாங்கமுடியாத நிதானமாகத் தெரிந்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. திரையில் கோடு எழுந்தது. ரூத் அவசரப்படவில்லை, வேறொரு முறையிலும் சோதித்துவிட்டுத்தான் கட்டைவிரலை உயர்த்தினாள். விஷவாயு இல்லை. ரப்பர் ஆலைகளில் புழங்கும் கந்தக ரசாயனம்.

"நீயே சொல்லு," என்று உலகநாதன் போனை நீட்டினார்.

திவ்யா சொல்லி முடித்ததும் மருத்துவர், "நீங்களே அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க, ரொம்ப பயந்துபோயிருக்காரு," என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம்," என்றது அந்தக் குரல். "கண்ணு வருமா மேடம்? இவங்க இன்னான்னு சொல்லவே மாட்டேன்றாங்க."

அண்ணா என்று அழைக்காமலே திவ்யா பேசினாள்.

"இது உயிருக்கு ஆபத்தில்லைங்க. உடனே கழுவுனது நல்லதாப்போச்சு. டாக்டர் சொல்றபடி கேளுங்க."

பிறகு இணைப்பு அறுந்தது.

மாலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் நின்றிருந்த அண்ணி அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். பார்த்திபன் இரு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தான்.

"திவ்யாவா?"

"ஆமாண்ணா."

"போன்லயே தெரிஞ்சிபோச்சு. ஏன் சொல்லல நீ?"

"சொன்னா வச்சிடுவியோன்னு."

கொப்புளக் கை போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது.

"அவன் வந்துகிறானா?"

"கீழ நிக்கிறாரு."

"நிக்கட்டும். நீ குந்து." கொஞ்சம் கழித்து, "கட்டு பிரிக்கிற அன்னிக்கு வருவியா?" என்றான்.

அந்த நாளில் திவ்யா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வலது கண் கலங்கலாகவே இருந்தது. இடது கண் மெல்லத் தெளிந்து அவள்மேல் நிலைத்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா இப்பிடி எளைச்சிட்ட," என்றான். பிறகு அவளைத் தாண்டி, வார்டு வாசலில் தயங்கி நின்ற ஸ்டான்லியைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.