பிரேக் இல்லாத ஜெகநாதன்

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் லாரி ஒருவர் மேல் ஏறிய மறுநாள் காலையிலிருந்து, அந்த லாரியின் உரிமையாளர் ஜெகநாதனால் நிற்க முடியாமல் போயிற்று. கட்டிலை விட்டு எழுந்தவர் பல் விளக்கப் பின்கட்டுக்கு நடந்தார். தண்ணீர்த் தொட்டி வந்தது, கால் நிற்கவில்லை. தொட்டியைத் தாண்டி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, மதில் சுவரில் மோதித்தான் நின்றார். வலி எதுவும் கிடையாது. மேட்டில் ஏறினால் வேகம் தானாகக் குறைந்து நின்றுவிடுவார். சமதரையில் ஒரு சுவரோ மரமோ வேண்டும். இறக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். திருவள்ளூரிலும் சென்னையிலும் டாக்டர்கள் முட்டியைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர் மனைவி கோவிந்தம்மாள் லாரிக்காரர் வீட்டில் காலம் தள்ளியவள். நிறுத்திய லாரி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைக் கொண்டுவந்து, சாப்பிடும் இடத்திலும் சாமி படத்துக்கு எதிரிலும் அவர் காலுக்கு முன்னால் போட்டாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

அது கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றுகிற லாரி. பங்குனியில் அது ஓடத் தகுதியான வண்டி என்று எஃப்.சி. வாங்கினார்கள். பக்கத்து ஷெட்டில் நின்ற புது வண்டியின் சக்கரங்களைப் பிரேக்கோடு இரவல் வாங்கி மாட்டி, ஆபீசில் காட்டிவிட்டு, சாயங்காலமே கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுப் போகிறதில்லையா, அதுபோல இந்தப் பக்கத்தில் இது சகஜம். ஆடி பிறந்ததும் டிரைவர் தீனதயாளன் வந்து நின்றான். “பிரேக்க மிதிச்சா காத்துச் சத்தம்தான் வருது ஓனரே, வண்டி புடிக்க மாட்டேங்குது. லைனிங் தேஞ்சி ஆணி தெரியுது,” என்றான். ஜெகநாதன் கஞ்சர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். ஆனால் ஆடி மாதத்தில் அவர் வீட்டில் ஒரு புதுக் கரண்டிகூட வாங்கமாட்டார்கள். “எங்க நைனா காலத்துலேர்ந்து ஆடியில வண்டிக்குப் புதுசு மாட்னதில்லபா. ஆவணி பொறக்கட்டும். அதுவரிக்கும் பாத்து ஓட்டிகினு இரு,” என்றார்.

தீனதயாளன் பார்த்துத்தான் ஓட்டினான். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குள் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய், ஒரு காவடியையும் உரசாமல் வெளியே வந்தான். கிருத்திகையும் முடிந்து, ஆவணி பிறக்கச் சில நாட்களே இருந்தபோது, கனகம்மாசத்திரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையின் குறுக்கே ஓடினார்கள். பிரேக் பிடிக்கவில்லை. பிள்ளைகளை விட்டு இடப்பக்கம் ஒடித்தான். அங்கே பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் மணவாளன், கைலி விற்ற கையோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அவர் மனைவி சந்திரா எதிர்க்கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது லாரிதான் தெரிந்தது, ஆளைக் காணோம். யார் வம்புக்கும் போகாத மனிதர் மணவாளன். அவர் செத்தது அநியாயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

போலீஸ் தீனதயாளன் மேல் வழக்குப் போட்டது. வண்டியைச் சோதித்த அதிகாரி லைனிங் சுத்தமாகத் தேய்ந்திருக்கிறது என்று எழுதினார். ஆனால் யாருக்கு அது தெரிந்திருந்தது என்பதை இரும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. வக்கீல் நாகராஜன், கோர்ட்டில் ஒரே வார்த்தை போதும் என்று ஜெகநாதனிடம் சொல்லிவிட்டார். டிரைவர் என்னிடம் பிரேக்கைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று ஜெகநாதன் சொன்னால், வண்டியைப் பார்த்துக்கொள்ளாத குற்றம் டிரைவருடையது, ஜெயில் அவனுக்கு. சொன்னான் என்று ஒப்புக்கொண்டால் ஜெயிலும் நஷ்டஈடும் ஜெகநாதன் தலையில். ஆடிப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

தீனதயாளனின் மனைவி தேவிப்பிரியா அவரைப் பார்க்க வந்தபோது அவர் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தார். நிற்க முடியாத மனிதரோடு பேசவேண்டுமானால் கூடவே ஓடவேண்டும். அவளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“நீங்க சொன்னதத்தான ஓனரே அவரு கேட்டாரு. கோர்ட்ல அத்த மட்டும் சொன்னாப் போதும்ங்க.”

“வக்கீல் கிட்ட பேசிகினு இருக்கேன்மா.”

“எம் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க.”

“நீ ஓரமா போம்மா, முன்னாடி எறக்கம் வருது,” என்றார் ஜெகநாதன். இறக்கம் வந்தது, அவர் போய்விட்டார்.

அந்த வருஷம் முழுக்க அவர் இப்படித்தான் இருந்தார். கொஞ்சம் நின்று மூச்சு வாங்க வேண்டுமென்றால் திருத்தணி மலைப்படி ஏறுவார். மேலே முருகன் சந்நிதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். இறங்கும்போது பாதிப் படியிலேயே பிடி நழுவிவிடும். “தள்ளுங்க, தள்ளுங்க,” என்று கத்திக்கொண்டே வருவார், ஜனம் அரோகரா என்று இரண்டாகப் பிளந்து வழிவிடும். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த சிலர் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் பார்த்தார்கள். அவர் இளைத்துப்போனார். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி வாசலைப் பார்த்து நகர்ந்தது.

சாட்சி சொல்லும் நாளில் நீதிபதி அவரைக் கூண்டில் ஏற்றி மரக்கதவைத் தாழிடச் சொன்னார். டிரைவர் பிரேக்கைப் பற்றி உங்களிடம் சொன்னாரா என்று அரசு வக்கீல் கேட்டார். இல்லீங்க என்றார் ஜெகநாதன். கூண்டு ஒரு சாண் நகர்ந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேலே கேளுங்கள் என்றார். ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்றார் அரசு வக்கீல். ஞாபகம் இல்லீங்க என்றதற்குக் கூண்டு கொஞ்சம் குறைவாக நகர்ந்தது. மறுபடி இல்லீங்க என்றதும் அது வேகம் எடுத்தது. வக்கீல்கள் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள், தட்டச்சு செய்கிற பெண் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முன்பெஞ்சில் சந்திரா உட்கார்ந்திருந்தாள். கான்ஸ்டபிள் பங்காரு, “தள்ளிக்கம்மா, தள்ளிக்க,” என்றார்.

“நான் எதுக்கு தள்ளணும்?” என்றாள் சந்திரா. குரலை உயர்த்தவில்லை, பெஞ்சை விட்டு எழவுமில்லை.

குற்றவாளி நிற்கும் இடத்திலிருந்து தீனதயாளன் குதித்து ஓடிவந்து, கூண்டுக்கு முன்னால் தோளைக் கொடுத்து நின்றான். அவன் பாதம் தரையில் வழுக்கிக்கொண்டே பின்னால் போயிற்று. அவன் தலைக்கு மேலாக சந்திராவின் முகம் கிட்ட வருவதை ஜெகநாதன் பார்த்தார். “சொன்னான்யா,” என்றார். “லைனிங் போச்சின்னு அவன் சொன்னான். ஆடி முடியட்டும்னு நாந்தான் சொன்னேன்.” கூண்டு நின்றது. சந்திராவின் புடவைக் கொசுவம் அதன் அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால், பங்காருவும் தீனதயாளனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித்தான் எடுத்துவிட்டார்கள்.

தீனதயாளனை விட்டுவிட்டார்கள். அவன் இப்போது வேறொருவர் லாரி ஓட்டுகிறான், ஒவ்வொரு நடைக்கும் முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். சந்திராவுக்கு நஷ்டஈடு கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி, ஜெகநாதனின் லாரியையும் வீட்டையும் விற்க வைத்து அதை வசூலித்துக்கொண்டது. தண்டனையும் விழுந்தது. அப்பீல் நடக்கிறது, அவர் ஜாமீனில் இருக்கிறார். உண்மையைச் சொன்னால் கால் நின்றுவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. ஊருக்கு எப்போதும் கதையைச் சீக்கிரம் முடிக்கிற அவசரம். கூண்டைத் திறந்ததும் அவர் கோர்ட் வாசல் வழியாக நடந்து போனார், இன்றுவரை நடக்கிறார்.

செவ்வாய்க்கிழமைகளில் சந்திரா கைலி விற்றுவிட்டுக் கனகம்மாசத்திரத்தில் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நிற்பாள். அவர் திருத்தணிப் பக்கமிருந்து அந்த ஓரமாகவே வருவார். பூக்காரம்மா கூடையை நகர்த்திக்கொள்வாள், காலேஜ் பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போவார்கள். சந்திரா நகர்வதில்லை. அவளுக்கு நாலடி இருக்கும்போது ஜெகநாதன் உடம்பை ஒடித்துச் சாக்கடைப் பள்ளத்தில் இறங்குகிறார். முழங்கால் தண்ணீரில் நடந்து, அந்தப் பக்கம் கரையேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டே போகிறார். பிறகு பஸ் வருகிறது, அவள் ஏறிக்கொள்கிறாள்.