படியில் தூவிய தூள்

பதினான்கு. அப்படியொன்றும் பெரிய எண் இல்லை. பின்னே, அதைச் சொல்லும்போது நர்ஸ் ஏன் குரலைத் தாழ்த்தினாள்?

பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நின்றுகொண்டு மெரிடித் இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது மகள் ஹேட்டியின் ரத்தத்தில் இருக்கும் ஈயத்தின் அளவு. மூன்றரையைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றாள் நர்ஸ். நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன், எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும் என்றும் சொன்னாள்.

அடுப்படியை ஒட்டிய துணி துவைக்கும் அறையில் அவள் கணவன் கர்ட்டிஸும் அவன் அண்ணன் லைலும் நின்றிருந்தார்கள். லைல் ஒரு வாளி நிறையச் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்திருந்தான். மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் முன் அவற்றை மின்சாரத்தில் குலுங்கும் தொட்டியில் போட்டு, ஈயம் கலந்த கரியை எடுக்க வேண்டும். கூடவே எந்தத் தூளைப் போடுவது என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து வருடச் சண்டை.

“வால்நட் ஓடு கரியை எடுக்கும், அவ்வளவுதான். மெருகு வேணும்னா சோளத் தக்கை போடு,” என்றான் லைல்.

“எதுக்கு மெருகு? காட்டுமான் அதுல முகம் பாக்கப் போகுதா?”

“உன் தோட்டா மூஞ்சியப் பாத்தாலே அது ஓடிருது. அதான் போன வருஷம் வெறுங்கையோட வந்த.”

இருவரும் சிரித்தார்கள். கர்ட்டிஸ் புது வால்நட் தூள் மூட்டையைப் பிரித்தான். பல்லிகளும் ஓணான்களும் விற்கும் கடையில் கூண்டுக்குள் பரப்புவதற்கென்று வைத்திருப்பது. துப்பாக்கிக் கடையைவிட மலிவு. டிசம்பரிலிருந்து தொட்டி இந்த அறையில்தான் ஓடுகிறது. கராஜில் குளிர் தாங்கவில்லை என்றதும் இடம் ஒதுக்கிக் கொடுத்தவள் மெரிடித். தூசியைப் பிடிக்கும் என்று, துணி உலர்த்தியில் போட்டெடுத்த வாசனைத் தாள்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொட்டியில் போட்டவளும் அவள்தான். வெள்ளையாகப் போன கீற்றுகள் ஈயக் கறுப்பாக வெளியே வரும். சனிக்கிழமைகளில் அவள்தான் சல்லடையில் கொட்டிச் சலித்தாள்.

“இனிமே தூளுக்குப் பதிலா எஃகு ஊசி போடலாம்,” என்றாள் அவள், அறை வாசலில் நின்று. “தண்ணியில சுத்தும். தூசியே பறக்காது.”

“டாக்டரம்மா வந்துட்டாங்க,” என்றான் லைல்.

“ஊசி ஒண்ணு கூட்டுக்குள்ளயே தங்கிப்போய், அத வச்சுச் சுட்டா என்ன ஆகும் தெரியுமா?” கர்ட்டிஸ் திரும்பவேயில்லை. “நாள் முழுக்கக் காய வேற வைக்கணும். உன் அடுப்புலயா வைக்கிறது?”

“ஹேட்டிக்குப் பதினாலு, கர்ட்டிஸ்.”

“காதுல விழுந்துச்சு. காலையிலேருந்து அஞ்சு தடவை விழுந்துச்சு.”

மெரிடித் பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். ஐந்து படிகள். மார்ச் வெயிலில் பனி உருகி, மரப்பலகைகளின் இடுக்குகளில் பழுப்புத் தூள் சேறாகக் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அந்தப் படியில் பனிக்கட்டி வழுக்கிக் கர்ட்டிஸ் விழுந்தான். பழசாகிப்போன வால்நட் தூளை ஏன் குப்பையில் போட வேண்டும், படியில் தூவினால் காலுக்குப் பிடிமானம் கிடைக்குமே என்று சொன்னது அவள். அவன் லைலைப் பார்த்து, “என் பொண்டாட்டி மூளையப் பாத்தியா,” என்றான். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் அவன் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் வைத்துத் தின்றாள். ஒவ்வொரு வாரமும் பழைய தூளைக் கோழிக்குத் தீனி போடுவதுபோல அள்ளி அள்ளித் தூவினாள். பூட்ஸ் கால்கள் அதை அடுப்படிக்குள் கொண்டுவந்தன. ஹேட்டி அந்தத் தரையில் தவழ்ந்தாள், விரலை வாயில் வைத்தாள். தின்றது மெரிடித் மட்டும் இல்லை.

வெட்கமா இது, பயமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“இங்க பாரு,” என்றான் கர்ட்டிஸ். “தொட்டிய லைல் வண்டியில ஏத்திடுறோம். நீ படியக் கூட்டிக் கழுவிடு. நாளைக்கு அந்த நர்ஸ் கேட்டா, சுவத்துல பழைய ஈயப் பெயிண்டுன்னு சொல்லு. எங்கப்பா பொறக்குறதுக்கு முன்னாடி கட்டுன வீடு. நம்புவா.”

“பெயிண்ட் இல்லயே.”

“எப்பத்துலேருந்து நீ ரத்தம் சோதிக்க ஆரம்பிச்ச?”

“கவர்மெண்டுக்காரி ஒருத்தி உள்ள வந்தா இன்னைக்குத் தொட்டியப் பாப்பா, நாளைக்குத் துப்பாக்கி அலமாரியத் திறங்கம்பா,” என்றான் லைல். “ஒண்ணு கொடுத்தா ஒன்பது கேப்பாங்க.”

“அவ புள்ளையப் பாக்க வர்றா, லைல்.”

“அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

கர்ட்டிஸ் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. “சரி, உண்மையவே சொல்லு. படியில தூவுனது யாருன்னும் சேத்துச் சொல்லு. பெத்தவளே கையால அள்ளிப் போட்டான்னு எழுதிக்குவாங்க. அந்தக் காகிதம் எத்தன வருஷம் இருக்கும்னு நெனைக்கிற?”

லைல் வாளிக்குள் குனிந்து ஒரு கூட்டை எடுத்து உருட்டிப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

இதைச் சொல்வதற்காகத்தான் கர்ட்டிஸ் காலையிலிருந்து காத்திருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தலைக்குள் ஏற்கெனவே ஓடிய வாக்கியம் அது. அவன் வாயிலிருந்து கேட்டபோது, ஆச்சரியமாக, சற்றுச் சிறியதாக இருந்தது. பெயிண்ட் என்று எழுதினால் சுவரைச் சுரண்டுவார்கள். தூள் படிக்கு அடியில் மண்ணில் கிடக்கும். அடுத்த மாதம் புல் முளைக்கும். ஹேட்டி அந்தப் படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கப் பழகுவாள்.

உள்ளறையில் குழந்தை விழித்துச் சிணுங்கியது. மெரிடித் போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஹேட்டி வழக்கம்போலப் பின்கதவை நோக்கிக் கையை நீட்டினாள்.

கர்ட்டிஸ் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். “புள்ளைய இங்க குடு. வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிடு.”

அவள் வாங்கவில்லை. குழந்தையின் நீட்டிய கையைப் பிடித்து, ஈரத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“நான் கூட்டல, கர்ட்டிஸ். அவ வந்து பாக்குறவரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.”

“யாரு தூவுனான்னு கேட்டா?”

“நான்தான்னு சொல்லுவேன்,” என்றாள் மெரிடித். பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, குழந்தையின் அடுத்த கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.