முப்பத்தாறு மாதங்கள்

என் பிறந்த மாதத்தில் தவறாமல் எனக்குக் கடிதம் போடுவது ஜப்பான் ஓய்வூதிய அலுவலகம் மட்டும்தான். மடித்து ஒட்டிய அட்டை. ஓரத்தைப் பிரித்தால், இதுவரை எத்தனை மாதம் கட்டியிருக்கிறேன் என்று உள்ளே போட்டிருக்கும். நான் ஒன்றையும் பிரித்ததில்லை. வேகிற சோற்றை எதற்குத் திறந்து திறந்து பார்ப்பது என்று குளிர்பெட்டியின் மேல் அடுக்கி வைத்துவிடுவேன். முப்பத்தைந்து வயதுக்கு மட்டும் அட்டைக்குப் பதில் தடித்த உறை வரும். அதைத்தான் பிரித்தேன். எண்பத்து நான்கு மாதங்கள் என்றிருந்தது. நூற்றிருபது இருக்க வேண்டும்.

நூற்றிருபது என்றால் பத்து வருடம். அது முடிந்துவிட்டால் எந்த நாட்டில் போய் உட்கார்ந்தாலும் அறுபத்தைந்திலிருந்து சாகும்வரை மாதாமாதம் வரும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நகோயாவில் ஒற்றை அறையில் கிடந்தேன். நண்பர்கள் குடிக்கக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இந்த அக்டோபரில் வந்துவிடுவேன் என்று நேபாளத்தில் பாட்டன் நகரத்தில் இருக்கும் அப்பாவிடம் சொல்லியும் ஆயிற்று.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உறையோடு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் கணினியை இரண்டு தடவை பார்த்தாள்.

"சாக்கியா-சான், நீங்க முதல் தடவை இங்க இருந்த மூணு வருஷத்துக்குக் கட்டின பணத்தை ஊருக்குப் போனதும் திருப்பி வாங்கிட்டீங்களே. வாங்கிட்டா அந்த வருஷம் கணக்குல வராதுங்க."

"அந்த மூணு வருஷமும் நான் வேலை செஞ்சேனே."

"செஞ்சீங்க," என்று தலை தாழ்த்தினாள். "படிவத்துலயே இருக்கு. கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

போட்டேன்தான். நேபாள நிலநடுக்கத்தில் எங்கள் வீட்டு மாடி சரிந்த வருடம் அது. இனி இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் கிளம்பினேன். எங்கள் நேபாளிகள் யார் ஊர் திரும்பினாலும் முதலில் விசாரிப்பது அந்தப் படிவத்தைத்தான். இருபத்தைந்து வயதில் எவன் அறுபத்தைந்தை நினைக்கிறான்? வந்த பணம் செங்கல்லும் சிமெண்டுமாகி மாடி எழும்பியது. அங்கே வேலைதான் கிடைக்கவில்லை. மூன்று வருடம் அலைந்துவிட்டுத் திரும்ப இங்கேயே வந்தேன். நான் அடிமுட்டாள்.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். திரையில் பாதி நெற்றிதான் தெரிந்தது.

"என்னடா, டிக்கெட் போட்டாச்சா?"

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்றேன். மாடியில குடியிருந்த வாத்தியார காலி பண்ணச் சொல்லிட்டேன். போன வாரமே போயிட்டாங்க. அந்தம்மா போடற முள்ளங்கி ஊறுகாய்தான் இனிமே கிடைக்காது. போகட்டும், நீ வந்து போடு."

சிரித்தார். வீட்டில் வேறு சத்தமே இல்லை. அம்மா போனபின் அவர் பேசிக்கொண்டிருந்தது அந்த வாத்தியாரோடுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இன்னும் மூணு வருஷமா?"

"ஆமாப்பா. இல்லேன்னா இத விட்டுட்டு வந்துடறேன். நீங்க சொல்லுங்க."

"எனக்கு எழுபத்தாறு. உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே, நீயே போட்டுப் பாரு," என்றார். உடனே, "கோவமா சொல்லலடா," என்றார்.

கைபேசியோடு அவர் படியேறுவது தெரிந்தது. நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். மேலே போய் விளக்கைப் போட்டு அறையைச் சுற்றிக் காட்டினார். பச்சைச் சாயம் புதிது. கட்டில் புதிது, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"பாத்துட்டியா? சரி, வேலைக்குப் போ."

இணைப்பை அணைக்க அவருக்கு எப்போதும் வராது. கைபேசியை மெத்தைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். காலடிச் சத்தம் அடங்கியது. திரையில் கூரை மட்டும் தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. நானும் அணைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.